இன்னும் வாங்காத கடன்

நான் பார்த்த சீன அசைபடத் தொடரில் முதல் நிமிடத்திலேயே கதாநாயகி செத்துப்போகிறாள்.

வெளியே பனி கொட்டுகிறது. விறகுக் கொட்டகையில் கிழிந்த பட்டுடையோடு கிடக்கிறாள். வாசலில் அவளுடைய கணவனும், அவள் அப்பாவுக்கு இளையாள் வழியில் பிறந்த தங்கையும் நிற்கிறார்கள். பட்டுக்கடை எப்படிக் கைமாறியது, சரக்குப் படகு எப்படி எரிந்தது, அப்பாவின் மருந்தில் என்ன கலந்தது என்று ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார்கள். சாகப்போகிறவளிடம் இத்தனை விவரமாகக் கணக்கு ஒப்படைப்பானேன் என்று கேட்கக் கூடாது. அவர்கள் ஒப்பித்தால்தான் அடுத்த 60 பகுதிகளுக்கு அவளுக்கு வேலை இருக்கும். கண் மூடுகிறாள். அடுத்த நொடி திறக்கிறாள். தலைக்கு மேலே சிறுவயதில் படுத்த கட்டிலின் திரை. எப்போதோ அடித்துக் கொல்லப்பட்ட பணிப்பெண், "சின்னம்மா, எழுந்திருங்கள், இன்றைக்குத்தான் உங்களுக்குக் கொண்டை ஊசி சூட்டும் நாள்" என்று உயிரோடு நிற்கிறாள். வயது 15. பெண்ணுக்கு மணம் பேசலாம் என்று ஊசி சூட்டும் வயது.

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"இவள் செத்துப்போனாள் அல்லவா?"

"ஆமாம்."

"மறுபடி பிறந்துவிட்டாளா?"

"ஆமாம்."

"அதே வீட்டிலா? அதே அப்பாவுக்கா? அதே முகத்தோடா?"

"ஆமாம் அம்மா. பிறந்ததுகூட இல்லை, நேராக 15 வயதில் எழுந்துவிட்டாள்."

அம்மா சற்று யோசித்தாள். "அப்படியென்றால் இது மறுபிறவி இல்லை. விட்ட இடத்திலிருந்து எழுந்திருப்பது" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, நான் பார்த்த இடத்தில் ஒரு பெயர், அடுத்த வாரம் வேறொரு பெயர். பகுதிக்கு இரண்டு நிமிடம் ஓடும் சீன அசைபடத் தொடர். தூக்கம் வராத ஓர் இரவில் தற்செயலாகத் தொட்டேன். ஆறு வாரம் விடவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவள் அன்று சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு கொஞ்சம் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. சீன மொழியில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. பௌத்தத்தோடு போன பிறவிச் சுழற்சிக்கு லுன்ஹுய் என்று பெயர்: சக்கரம்போலத் திரும்பத் திரும்ப வருவது. நாம் மறுபிறவி என்று சொல்வது அதைத்தான். இந்தக் கதைகள் பேசுவது சோங்ஷெங். மீண்டும் உயிர்த்தல். அதே உடம்பு, அதே குடும்பம், அதே பகைவர்கள். காலம் மட்டும் பின்னால் போயிருக்கும், ஞாபகம் மட்டும் முன்னால் இருக்கும். நாம் 'முன்ஜென்மப் பகை' என்றால் வேறு உடம்பில் வந்து தீர்க்கும் பகை. இவர்கள் அந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஞாபகம் இருப்பதுதான் இங்கே மீறல். சீனப் பாதாள லோகத்தில் மெங் போ என்று ஒரு கிழவி உண்டு. நைஹ என்னும் பாலத்தருகே, அடுத்த பிறவிக்குப் போகிற உயிர்களுக்குக் கஞ்சிபோல ஒரு வடிநீர் ஊற்றிக் கொடுப்பாள். குடித்தால் போன பிறவி மொத்தமும் மறந்துவிடும். நம் கதாநாயகி அந்தக் கிண்ணத்துக்குத் தப்பியவள். அந்தப் பாதாளமும் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைகளோடு நின்றுவிடுவதில்லை. அது முழுக்க முழுக்கச் சர்க்கார் அலுவலகம். நம் எமராஜன்தான் பௌத்தத்தோடு போய் அங்கே யான்லுவோ ஆனான். ஆனால் தனியரசு கிடைக்கவில்லை. பத்து நீதிமன்றங்கள், பத்து அரசர்கள். அதில் ஐந்தாவது மன்றம்தான் அவனுக்கு. பதவி இறக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். சித்திரகுப்தனின் ஏடு மட்டும் குறையவில்லை, பெருகியிருக்கிறது. யார் எப்போது சாக வேண்டும் என்ற பதிவேடு, அதைப் புரட்டும் எழுத்தர்கள், முத்திரைகள், ஓலைகள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு நம்பிக்கை. ஓர் உயிர் பிறப்பெடுக்கும்போது பாதாளக் கருவூலத்தில் கடன் வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறதாம். வாழும்போது காகிதப் பணத்தை எரித்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். அடைக்காமல் போனால் அங்கே கேட்பார்கள். பிறப்பதே கைமாற்று வாங்கித்தான் என்று நினைக்கிற ஒரு கற்பனை உலகில், செத்து மீண்டவள் முதலில் கேட்பது கடவுள் எங்கே என்று அல்ல. "கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வா" என்றுதான். நம் தொடரிலும் அப்படியே. மூன்றாவது பகுதி முடிவதற்குள் அவள் கிட்டங்கிச் சாவியை வாங்கிவிடுகிறாள்.

இதே சீனத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு பழங்கதை இருக்கிறது. தாங் வம்சக் காலத்தது. ஊருக்குப் போகும் வழியில் சத்திரத்தில் தங்கும் ஏழை இளைஞன், ஒரு தாவோ துறவி கொடுத்த தலையணையில் படுத்துத் தூங்குகிறான். கனவில் திருமணம், பதவி, சிறை, மீட்சி, பேரப் பிள்ளைகள், கிழட்டுப் பருவம், சாவு. விழித்தால், தூங்கப் போகும்போது சத்திரக்காரன் அடுப்பில் ஏற்றிய தினைச் சோறு இன்னும் வேகவில்லை. ஒரு முழு வாழ்க்கையைப் பார்த்தவன் அதோடு ஆசையை விட்டான் என்று கதை முடிகிறது. 'தினைச்சோற்றுக் கனவு' என்று அது சீனத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது. நம் ஊர்ப் பெருவணிகர் ஒருவருக்கு அந்த ஞானம் வர ஒரு காதற்ற ஊசி போதுமாக இருந்தது.

சோங்ஷெங் கதைகளின் நாயகிகளும் இந்த இளைஞனைப் போல முழு வாழ்க்கையையும் பார்த்தவர்கள்தான். சாவு வரை பார்த்தவர்கள். ஆனால் ஒருத்திகூடத் துறவுக்குப் போவதில்லை. விழித்தவுடன், "அந்தச் சோற்றை இறக்காதே, உப்பு சரியாக இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாள். ஆயிரம் வருடத்துக்கு மேல் பாடமாக இருந்த ஒரு கதையை இணைய எழுத்தாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், இப்படிச் சத்தமில்லாமல் தலைகீழாக்கிவிட்டார்கள். எனக்கு இதில் கோபமில்லை. துறவுக்குப் போகும் உரிமை பழங்கதைகளில் யாருக்கு இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இவர்கள் சாவியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இந்த வகைக் கதைகள் பிறந்து வளர்ந்தது சீன இணைய நாவல் தளங்களில். 2003-இல் சிடியான் என்ற தளம், ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று வாசகரிடம் சில்லறை வாங்கும் முறையைத் தொடங்கியது. அதே ஆண்டில் தொடங்கிய ஜின்ஜியாங் தளம் பெண் எழுத்தாளர்களின் கோட்டை ஆயிற்று. ஆயிரம் எழுத்துக்குக் காசு என்றால் ஆயிரம் எழுத்துக்கு ஒரு தரம் யாராவது அறை வாங்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'முகத்தில் அறைதல்'. வீட்டுக்குள் நடக்கும் சதிச் சண்டைக்கு 'மனைப் போர்' என்று ஒரு சொல். நாயகிக்கு மட்டும் கிடைக்கும் அனுகூலத்துக்குத் 'தங்க விரல்'. அப்பாவி முகத்தோடு குழிபறிக்கும் பெண்ணுக்கு 'வெண்தாமரை'. இதைக் கேட்டு அம்மா கொஞ்சம் கலங்கிவிட்டாள். சரஸ்வதி உட்கார்ந்திருக்கும் பூவை இப்படியா சொல்வார்கள் என்றாள்.

தொலைக்காட்சியில் இதை நேராகக் காட்டுவது சிரமம். 2011-இல் சீன ஒளிபரப்பு நிர்வாகம், காலம் தாண்டும் தொடர்கள் மூடநம்பிக்கையையும் விதிவாதத்தையும் மறுபிறவியையும் பரப்புகின்றன என்று கண்டித்தது. அதிலிருந்து நாவலில் செத்து எழுந்தவள் திரைக்கு வரும்போது கனவு கண்டு விழித்தவள் ஆகிவிடுவாள். அல்லது அவளே எழுதிய கதைக்குள் இருப்பாள். வம்சத்துக்கும் கற்பனைப் பெயர்தான். எங்கள் தொடரிலும் பேரரசின் பெயரை எந்த வரலாற்றிலும் தேட முடியாது. உடை மிங் காலத்துச் சாயல், சிகை சோங் காலத்துச் சாயல், வெள்ளி உண்டியல் சீட்டு இரண்டுக்கும் பிந்தியது. ஆனால் ஊர் எது என்று மறைக்க முடியவில்லை. கால்வாய், வளைந்த கல்பாலம், கரையெல்லாம் மல்பெரி. தாய்ஹூ என்னும் ஏரிக்குத் தெற்கே இருக்கும் ஹூச்சோ பக்கம்தான். பட்டுக்குப் பேர்போன இடம்.

அசைபடம் என்று சொன்னேனே, அசைவு ரொம்பக் கம்மி. கண்ணிமை அசையும், அங்கியின் கை காற்றில் ஆடும், பனி விழும். மற்றதெல்லாம் வரைந்த படம் மெல்ல நகர்வதுதான். இது சிக்கனம். ஆனால் எதிர்பாராத நன்மை ஒன்று இருக்கிறது: முகம் அசையாததால் குரல்தான் நடிக்கிறது. கூடத்தில் இருபது பேர் சிலைபோல் நிற்க, சித்தப்பாவின் குரலில் தேன் வழிவதைக் கேட்கும்போது உண்மையான நடிகர்களைவிடப் பயமாக இருக்கும். அவசரத்தில் செய்வதால் பிழைகளுக்கும் குறைவில்லை. தலையில் இடப்பக்கம் இருந்த ஊசி அடுத்த காட்சியில் வலப்பக்கம் போகும். என்னைத் தொந்தரவு செய்தது மணிச்சட்டம். சீன மணிச்சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே 2 மணி, கீழே 5 மணி. மேல்மணி ஒன்றுக்கு மதிப்பு ஐந்து. நம் நாயகியின் சட்டத்தில் ஒரு காட்சியில் மேலே 3 இருந்தது, இன்னொன்றில் கீழே 4. இப்படிப்பட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு பேரரசின் பட்டுச் சந்தையையே கவிழ்க்கிறாள். சொல்லப்போனால் கெட்டிக்காரிதான்.

நான் ஆங்கில வரிகளைப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில்தான் முதல் தகராறு வந்தது. 'இரண்டாம் அங்கிள்' என்று ஒருவன் அடிக்கடி வந்தான். "எந்த உறவு? மாமாவா, சித்தப்பாவா, அத்தை புருஷனா?" என்று அம்மா மடக்கினாள். ஆங்கில வரியில் விடை இல்லை. காதைத் தீட்டிக் கேட்டேன். 'அர் ஷூ' என்கிறாள் நாயகி. அப்பாவின் தம்பி. சித்தப்பா. பெரியப்பாவுக்கு வேறு சொல், தாய்மாமனுக்கு ஜியோஜியோ, அத்தைக்கு கூகூ, அம்மாவின் சகோதரிக்கு 'யி'யில் தொடங்கும் சொற்கள். நம்மைப் போலவே உறவை ஒவ்வொரு இழையாகப் பிரித்து வைத்திருக்கும் மொழி. நடுவில் ஆங்கிலம் புகுந்து எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. அன்றிலிருந்து நான் சீன உறவுச் சொற்களை மட்டும் காதால் பிடித்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். கதை உடனே தெளிந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது உறவுச் சொல்லிலேயே இருக்கிறதே. பங்காளி என்று நாம் சொல்வது என்னவாம்?

இந்த வகைக் கதைகளில் சித்தப்பா ஏன் அநேகமாக எப்போதும் கெட்டவன்? எழுத்தாளர்களுக்குச் சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சட்டத்தைப் படித்தேன். சீனத்தில் குடும்பச் சொத்து மகன்களுக்குச் சமபங்கு. வீடு பிரிவதற்கு ஃபென்ஜியா என்று பெயர். மகளுக்குச் சீர்வரிசையோடு சரி. மகனே இல்லாவிட்டால்? பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைத் தத்தெடுத்து வாரிசாக்க வேண்டும் என்பதை மிங் காலத்திலிருந்து சட்டம் கட்டாயம் ஆக்கிவிட்டது. ஆக, அண்ணனுக்கு மகன் இல்லை, மகள்தான் இருக்கிறாள் என்றால், தம்பியின் மகனுக்குச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சித்தப்பா விஷம் வைக்க வேண்டியதுகூட இல்லை; பொறுமையாக இருந்தாலே போதும். இந்தத் தொடரில் அவன் செய்கிற ஒரே தவறு அவசரம்.

ஒரு விஷயத்தில் இந்தத் தொடர்கள் சரடு விடுகின்றன. மூத்தாள் பிள்ளை உயர்வு, இளையாள் பிள்ளை தாழ்வு என்பதை வைத்துத்தான் பாதிக் கதை ஓடுகிறது. பட்டம், பதவி, மூதாதையர் வழிபாட்டில் முதலிடம் எல்லாம் மனைவி பெற்ற மூத்த மகனுக்கு என்பது உண்மை. ஆனால் நிலம், கடை, வெள்ளி என்று வந்தால் மிங், சிங் சட்டங்கள் தாய் யாரென்று பார்க்காமல் மகன்களுக்குச் சமமாகவே பிரிக்கச் சொன்னன. கதைக்காரர்கள் பட்டத்தின் விதியைக் கல்லாப்பெட்டிக்கும் போட்டுவிட்டார்கள். மகள்களைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு சீரிலும், யாருக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்பதிலும் தெரிந்திருக்கும். தங்கையின் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

வீடு பிரியும் காட்சி ஒன்று 34-ஆம் பகுதியில் வருகிறது. இதை மட்டும் மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். சொத்தைச் சமமான குவியல்களாக எழுதி, சீட்டுப் போட்டு எடுக்க வைக்கிறார்கள். சாட்சிக்குத் தாய்மாமன் வந்து உட்கார்ந்திருக்கிறார். அடுப்பு தனித்தனியாக மூட்டப்பட்டதும் வீடு பிரிந்ததாக அர்த்தம். இதெல்லாம் உண்மையான வழக்கங்கள்தாம். பிரிவினைப் பத்திரத்துக்குச் சில இடங்களில் 'சீட்டுப் பத்திரம்' என்றே பெயர்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தாள். "எங்கள் வீட்டிலும் சீட்டுத்தான் போட்டார்கள்" என்றாள். தாத்தாவின் பாத்திரக்கடை மூன்று மாமாக்களுக்குப் பிரிந்தது எனக்குத் தெரியும். சீட்டுப் போட்டது தெரியாது. எடுத்துக் கொடுத்தது ஐந்து வயதுக் குழந்தையாம். கள்ளம் இருக்காது என்பதற்காக. "உனக்கு?" என்று கேட்டேன். "இரண்டு பித்தளை அண்டா. ஒன்று பரண்மேல் இருக்கிறது" என்றாள். இன்னொன்று எங்கே என்று நான் கேட்கவில்லை. திரையில் சித்தப்பா சீட்டைப் பிரித்து முகம் கறுத்துக்கொண்டிருந்தான்.

விஷமும் தீயும் இல்லாமல் ஒரு வணிகக் குடும்பம் எப்படிப் போட்டியிடும் என்பதற்குச் சீனத்திலேயே ஓர் உண்மைக் கதை இருக்கிறது. பெய்ஜிங்கில் சியான்மென் வாயிலுக்குத் தெற்கே பழைய கடைத்தெருவில் தோங்ரென்தாங் என்ற மருந்துக்கடை. 1669-இல் யுவே குடும்பத்தார் தொடங்கியது. 1723 முதல் அரண்மனை மருந்தகத்துக்குச் சரக்குக் கொடுத்தார்கள். நடுவில் நொடித்துப்போய் வெளியார் கைக்குப் போன கடையை 19-ஆம் நூற்றாண்டில் யுவே பிங்சுவான் என்பவர் மீட்டார். அவர் 1880-இல் இறந்தபின் கடையை நடத்தியது மனைவி சூ. 1907-இல் சாகும்வரை, 27 வருடம். மகன்கள் வழியில் நான்கு கிளைகள்; நால்வரையும் ஒரே பலகைக்குக் கீழே கட்டி வைத்திருந்தார் கிழவி.

அவர் போனபிறகு என்ன ஆகியிருக்க வேண்டும்? தொடர் என்றால் அன்றிரவே கிட்டங்கி எரியும். அவர்கள் செய்தது வேறு. தாய்க்கடை நான்கு கிளைக்கும் பொது. யார் வேண்டுமானாலும் தனியாக மருந்துக்கடை போட்டுக்கொள்ளலாம். ஆனால் தோங்ரென்தாங் என்ற பெயரை வைக்கக் கூடாது. 'யுவே குடும்பத்துப் பழைய கடை' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். யுவே தாரென் என்பவர் 1914-இல் தியான்ஜினில் தாரென்தாங்கைத் தொடங்கினார். அதுவும் பெரிய பெயராக வளர்ந்தது. ஒரே குடும்பப் பெயர், ஒரே கைப்பக்குவம், வேறு வேறு பலகைகள், ஒரே வாடிக்கையாளர்கள். எவ்வளவு புழுங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு விதியை வகுத்த பேச்சுவார்த்தையை மட்டும் யாராவது அசைபடமாக எடுத்தால் நூறு பகுதி நான் பார்ப்பேன். ஒருவரும் சாக வேண்டாம், எழவும் வேண்டாம்.

திரும்பவும் தொடருக்கு. நாயகியின் தங்க விரல் என்பது விலைப்பட்டியல்தான். முன்பு வாழ்ந்தபோது எந்த வருடம் எது விலை ஏறியது என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த வருட வசந்தத்தில் அவள் பட்டையும் தொடவில்லை, நூலையும் தொடவில்லை. மல்பெரி இலையை வாங்குகிறாள். மரத்தில் துளிராக இருக்கும்போதே முன்பேரம் பேசி முன்பணம் கொடுக்கிறாள். இதுவும் கற்பனையில்லை, ஹூச்சோ வட்டாரத்தில் இலைக்கென்றே சந்தையும் முன்பேரமும் இருந்தன. பட்டுப்புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கூடுகட்டுவதற்கு முந்தைய கடைசி வயதில், ஒரு வாரம் பத்து நாளில் தின்று தீர்க்கும். அந்த நாட்களில் இலை ஒருநாள் தவறினால் ஒரு பருவத்து உழைப்பும் போச்சு. விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இலை வாங்க முடியாமல் புழுக்களைக் கொட்டிவிடுகிற வீடுகளும் உண்டு.

எதிர்பாராத பனி விழுந்து துளிர் கருகுகிறது. அவள் பேரம் பேசி வைத்திருந்த மேட்டுத் தோப்புகள் மட்டும் தப்புகின்றன. சித்தப்பா பத்து மடங்கு விலை கொடுத்து இலை வாங்குகிறான். பின்னணியில் வெற்றி முழக்கம். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க மாட்டேன். பிறகுதான் ஓரத்தில் வரைந்திருந்த ஓர் உருவம் கண்ணில் பட்டது. கால்வாய்க் கரையில் தட்டுத் தட்டாகப் புழுக்களைத் தண்ணீரில் கவிழ்க்கும் ஒரு பெண். யாரோ ஓவியர் தன் போக்கில் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்கு வசனம் இல்லை. பனி வரப்போகிறது என்று முன்னரே தெரிந்த ஒருத்தி அந்த ஊரில் இருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு அந்தப் பெண் படவில்லை. அவள் மனதில் நின்றவள் வேறு.

9-ஆம் பகுதி. விளக்குத் திருவிழா. தங்கைக்கு இப்போது 12 வயது. முயல் வடிவத்தில் தானே செய்த காகித விளக்கை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்கு ஓடி வருகிறாள். ஒரு காது சற்று வளைந்திருக்கிறது. "அக்கா, உங்களுக்காக" என்கிறாள். நாயகிக்கு உடனே பனியும் விறகுக் கொட்டகையும் நினைவு வருகிறது. விளக்கைத் தட்டிவிடுகிறாள். அது தீப்பிடித்து எரிகிறது. "உன் வேஷம் எனக்குத் தெரியும்" என்கிறாள் 12 வயதுக் குழந்தையிடம். இசை அதை முதல் வெற்றியாகக் கொண்டாடுகிறது.

"அந்தக் குழந்தை என்ன செய்தது?" என்று அம்மா கேட்டாள்.

"பின்னால் இவளைக் கொல்லப்போகிறாள் அம்மா."

"பின்னால்தானே? இன்னும் ஒன்றும் செய்யவில்லையே."

என்னிடம் பதில் இல்லை. இந்த வகைக் கதைகளை விரும்பிப் பார்க்கும் நான், அதுவரை இந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டதே இல்லை. பழைய வாழ்க்கையின் பேரேடு நாயகியிடம் மட்டும் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் மெங் போவின் வடிநீரைக் குடித்தவர்கள். இல்லை, அதுகூட இல்லை, அவர்கள் இன்னும் அந்தப் பாலத்துக்கே போகாதவர்கள். அவர்கள் பெயரில் அவளிடம் பற்று எழுதியிருக்கிறது. அவர்கள் கையில் ஒரு காசும் வாங்கவில்லை. பிறக்கும்போதே கடனாளி என்ற பாதாளக் கருவூலத்துக் கணக்கு எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு குழந்தையின் முகத்தில் வசூலிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை. கணவனாகப்போகிறவனையும் சித்தப்பாவையும் விட்டுவிடுகிறேன்; அவர்கள் அப்போதே கள்ளக் கணக்கு எழுதத் தொடங்கியவர்கள். இவள் முயல் விளக்குச் செய்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா கட்சி மாறிவிட்டாள். நாயகி எதைச் செய்தாலும் "திமிர்" என்பாள். நானும் பழைய பகுதிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முந்தைய வாழ்க்கையில் தங்கை எப்போது, ஏன் கெட்டாள் என்று எங்கேயாவது சொல்கிறார்களா? சொல்லவில்லை. இந்த வாழ்க்கையில் அவள் கெடுவதற்குக் காரணம் 9-ஆம் பகுதியில் தெளிவாக இருக்கிறது. 20-ஆம் பகுதிக்கு மேல் அவள் அக்காவுக்கு எதிராகச் சித்தப்பாவின் ஆளோடு பேசத் தொடங்குகிறாள். "பார், நான் சொன்னேனே, இவள் குணமே இப்படி" என்று நாயகி பணிப்பெண்ணிடம் சொல்கிறாள். கதை எழுதியவருக்கு இந்தக் கோணல் தெரிந்துதான் எழுதினாரா, ஆயிரம் எழுத்துக்கு ஓர் அறை என்ற அவசரத்தில் தெரியாமல் விழுந்ததா என்று என்னால் முடிவுகட்ட முடியவில்லை. தெரிந்து எழுதினார் என்றுதான் நம்ப ஆசை. அந்த வளைந்த காதை ஏதோ ஒரு கை வேண்டுமென்றே வரைந்திருக்கிறது.

60-ஆம் பகுதியில் தங்கைக்கு 14 வயது. தொலைதூர உப்பு வணிகன் ஒருவனுக்கு மூன்றாம் தாரமாக அனுப்புகிறார்கள். ஏற்பாடு செய்தது நாயகிதான். படகு கிளம்புகிறது. அக்கா கல்பாலத்தின்மேல் நின்று பார்க்கிறாள். கையில் மணிச்சட்டம், மேலே சரியாக 2 மணி, கீழே 5 (எண்ணிவிட்டேன்). தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு நின்றுவிட்டது. அடுத்த பகுதி இரண்டு வாரமாக வரவில்லை. இந்த மாதிரித் தொடர்கள் இப்படி நடுவில் அறுந்துபோவது வழக்கம்தான்.

ஒவ்வொரு நாளும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நேற்றும் கேட்டாள். வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சின்னப்பெண் அங்கே செத்துப்போய், அவளும் இதே மாதிரி எழுந்திருந்தால்?" என்றாள்.

அப்படியும் கதைகள் இருக்கின்றன என்று சொன்னேன். இரட்டை சோங்ஷெங் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு: இரண்டு பேரும் செத்து, இரண்டு பேரும் எழுந்து, இரண்டு பேரும் ஞாபகத்தோடு ஒரே வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கு என்ன தெரியும் என்று மற்றவளுக்குத் தெரியாது.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"அதைப் போடு" என்றாள்.